தேநீரைச் சேறு என்றவனின் கதிரை

போன மாதம் ஹட்டனில் ஓர் இலக்கியச் சந்திப்பு. பதினைந்து பேரளவில் வந்திருந்தோம். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த வேளையில் தேநீர்க் கடையில்தான் உண்மையான கூட்டம் நடந்தது; அது வழமை. இளம் கவிஞர் ஒருவர், நன்றாக எழுதுபவர், என்மீது அன்புள்ளவர், தனது தொலைபேசியை என் பக்கம் திருப்பினார். "நானா, அடுத்த ஜேம்ஸ் பொண்டுக்கு எங்கட ஆள் ஒருத்தர்ட பேரும் அடிபடுது. பாத்தீங்களா?" திரையில் ரிஸ் அஹமட்டின் படம். "இதைப் பத்தி எங்கட சஞ்சிகையில் யாராவது எழுத வேணும். ஒரு முஸ்லிம் பேர்க்காரன் அந்தக் கோட்டைப் போட்டா அது லேசான விசயமா?"

எழுதுகிறேன். அவர் எதிர்பார்த்ததை அல்ல.

முதலில் ஒரு சங்கதியைத் தீர்த்துவிடுகிறேன். ஜேம்ஸ் பொண்ட் வெள்ளைக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று கூச்சலிடும் கூட்டத்தோடு எனக்கு எந்த உறவும் இல்லை. அவர்களது வாதம் அவர்களது வரலாற்றிலேயே நிற்காது. 1962-இல் முதற் படத்தில் அந்த வேடத்தைப் போட்ட ஷோன் கொனரி எடின்பரோ நகரில் பால் வண்டியோடு திரிந்த ஸ்கொட்லாந்துக்காரர். நாவல்களை எழுதிய இயன் ஃபிளெமிங்குக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. பிறகு மனம் மாறி, 1964-இல் வெளிவந்த நாவலில் பொண்டின் தகப்பனையே ஸ்கொட்லாந்துக்காரராக்கினார். அடுத்து வந்த ஜோர்ஜ் லேசன்பி அவுஸ்திரேலியர். திமோத்தி டால்டன் வேல்ஸில் பிறந்தவர். பியர்ஸ் புரொஸ்னன் அயர்லாந்துக்காரர். ஆறு பேரில் இங்கிலாந்தில் பிறந்தவர்கள் ரொஜர் மூரும் டானியல் கிரேக்கும் மட்டுந்தான். கிரேக்கைத் தெரிவு செய்த 2005-இல் அவரது தலைமுடி பொன்னிறமாக இருக்கிறது என்று ஒரு போராட்டமே நடந்தது. 2021-இல் அவர் விடைபெற்றபோது அதே ஆட்கள் கண்ணீர் விட்டார்கள். ஆகவே தோலும் முடியும் பிறந்த ஊரும் ஒரு பொருட்டல்ல. இன்றைக்குக் கூடாது என்பார்கள், நாளைக்குக் கைதட்டுவார்கள்.

எனது சண்டை அவர்களோடு அல்ல, நம்மோடு.

எந்தக் கதிரைக்கு நாம் இடம் கேட்கிறோம்? நமது மலைகளைப் பற்றி அந்தக் கதிரைக்காரன் சொன்னதையாவது வாசித்திருக்கிறோமா? 1959-இல் வெளிவந்த 'கோல்ட்ஃபிங்கர்' நாவலில் பொண்டுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுக்கிறாள் ஒரு பெண். அவன் முகம் சுளிக்கிறான். தேநீர் தனக்குப் பிடிக்காது, அது சேறு, பிரித்தானியப் பேரரசின் வீழ்ச்சிக்கு அதுவும் முக்கியமான காரணங்களில் ஒன்று என்கிறான். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை நட்டது 1867-இல். அன்றிலிருந்து கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர்களின் முதுகில்தான் அந்தப் பேரரசின் காலை மேசை நின்றது. அதைச் சேறு என்கிறான். பேரரசு விழுந்ததற்குத் தேநீரும் ஒரு காரணம் என்று எங்கள் தோட்டத்துப் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தால், நாளுக்கு இன்னும் நாலு கிலோ கூட்டிப் பறித்திருப்பார்கள்.

நம் தமிழ்வாணனின் சங்கர்லாலை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருக்குத் தேநீர் இல்லாமல் சிந்தனையே ஓடாது. என்ன குறை இருந்தாலும் நன்றியுள்ள துப்பறிவாளர்.

சரி, நாவலில் வந்த ஒரு வரிக்காக ஒருவனை நிராகரிப்பதா என்று நீங்கள் கேட்கலாம். வரிக்காக அல்ல. அந்த வேடம் யாருடையது என்பதுதான் கேள்வி. அது ஃபிளெமிங்கிடமிருந்து ப்ரொக்கொலி, சால்ட்ஸ்மன் என்ற இரு தயாரிப்பாளர்களின் கைக்குப் போயிற்று. பிறகு ப்ரொக்கொலி குடும்பத்திடம் பரம்பரைச் சொத்தாக இருந்தது. எம்.ஜி.எம் நிறுவனத்தை 845 கோடி டொலருக்குப் பேசி 2022-இல் அமேசன் வாங்கி முடித்தது. 2025 பெப்ரவரியில் பொண்ட் படங்களின் ஆக்க அதிகாரமும் அமேசன் கைக்குப் போனது. ஆக, அடுத்த பொண்ட் யார் என்று முடிவெடுப்பவர்கள் சாமான் விற்கும் கம்பனிக்காரர்கள். நமது கவிஞர் ஹட்டன் தேநீர்க் கடையிலிருந்து போடும் வாக்கு அந்தப் பெட்டிக்குள் விழாது.

தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வெள்ளைத் துரை போனார். 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசிடம் போயின. 1992-இல் மறுபடி கம்பனிகளிடம் நிர்வாகம் போனது. இடையில் சிங்களத் துரை வந்தார், தமிழ்த் துரை வந்தார், சில இடங்களில் நம் பெயர் வைத்த துரையும் வந்தார். நம் பெயர்த் துரை வந்த தோட்டமொன்றில் எங்கள் உறவுக்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். துரை ஜும்ஆவுக்கு வருகிறார் என்று முதல் வாரம் பெருமைப்பட்டார். இரண்டாவது வாரத்திலிருந்து அதைப் பற்றிப் பேசவில்லை. பெரட்டுக்குப் பிந்திப் போனால் அரைப் பேர் என்பது துரையின் பெயரைப் பார்த்து மாறியதில்லை. லயத்துக் கூரையும் மாறியதில்லை. ஆனால் பெயரைப் பார்த்து மயங்கிய சனங்கள் கேள்வி கேட்கிற வருடங்கள் பிந்திப்போயின. நான் பயப்படுவது இதற்குத்தான். நம் பெயர்க்காரன் அந்தத் துப்பாக்கியைப் பிடித்தால், அது எங்கே சுடுகிறது என்று கேட்க நமக்கு நாக்கு வராது.

அடுத்தது அந்தத் தொழில். உளவாளி. லண்டனில் அந்தச் சொல்லுக்குக் கறுப்புக் கோட்டும் வேகக் காரும் வந்து நிற்கும். இந்த நாட்டில் தமிழ் பேசுகிறவனுக்கு அந்தச் சொல் எப்படி வந்தது? தலையில் சாக்கு மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வைத்து, ஜீப்பில் உட்கார்த்தப்பட்ட தலையாட்டியாக வந்தது. அவன் தலை மேலும் கீழும் அசைந்தால் ஒருவன் வீட்டுக்குத் திரும்பமாட்டான்.

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து புத்தளம் முகாமில் வளர்ந்தவர். ஒரு சனிக்கிழமை இரவு விடுதித் தொலைக்காட்சியில் புரொஸ்னன் நடித்த படம் போட்டார்கள். எல்லோரும் சத்தம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். நித்திரை வருகிறதோ என்று நினைத்தேன். அறைக்குப் போனால் விளக்கைப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். "எங்களை அனுப்பினதும் இந்த வேலைக்காரர் எண்டு சொல்லித்தான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. 1990 ஒக்டோபர் 30-ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். ஒரு சமூகத்தையே அதன் வாசலிலிருந்து எழுப்பி விடுவதற்கு 'உளவாளி' என்ற ஒரு சொல்லும் போதுமானதாக இருந்தது. அந்தச் சொல்லுக்குக் கோட்டுப் போட்டு அழகு பார்க்க என்னால் முடியவில்லை. உங்களால் முடியுமென்றால் வாக்குவாதம் இல்லை, வருத்தம்தான்.

கவிஞரின் வாதத்தில் பலமான ஒரு பகுதி உண்டு. அதைத் தாண்டிப் போனால் நான் நேர்மையற்றவனாவேன். "நம்மட பிள்ளைகள் திரையில் தங்கட முகத்தை எப்பவும் குண்டு வைக்கிறவனாகவே பாக்குது நானா. ஒருக்காவாவது காப்பாத்துறவனாப் பாக்கட்டுமே" என்றார். உண்மைதான். ரிஸ் அஹமட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். குவாந்தனாமோ பற்றிய படத்தில் நடித்து, 2006-இல் அது பெர்லின் விழாவில் காட்டப்பட்டு அவர் ஊர் திரும்பியபோது, லூட்டன் விமான நிலையத்தில் பிடித்து வைத்து, முஸ்லிம்களின் போராட்டத்துக்கு உதவத்தான் நடிகனானாயா என்று விசாரித்தார்கள். அதைப் பின்னர் அவரே கட்டுரையாக எழுதினார். சிறந்த நடிகருக்கான ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் முஸ்லிம் அவர், அது 2021. அடுத்த வருடம் குறும்படம் ஒன்றுக்காக ஒஸ்காரையே வாங்கினார். அந்த மனிதர்மீது எனக்கு மரியாதை உண்டு. மரியாதை இருப்பதால்தான் சொல்கிறேன்: இத்தனையும் அவர் பெற்றது பொண்டின் கோட்டைப் போடாமல். இத்ரிஸ் எல்பாவின் பெயரைப் பத்து வருடத்துக்கு மேலாக இதே போல இழுத்தார்கள். பேச்சு முழுக்கத் தன் இனத்தைப் பற்றியதாகிப் போனதில் தனக்கே ருசி விட்டுப்போனது என்று 2023-இல் அவரே சொல்லிவிட்டார். பெயரை அடிபடவிடுவது அவர்களுக்கு இலவச விளம்பரம். அடிபடுகிறவனுக்குத்தான் அடி.

அந்தப் படங்கள் நமக்கு ஏற்கனவே இடம் தராமலும் இல்லை. 1983-இல் வெளிவந்த 'ஒக்டொபுசி' உதய்பூரில் எடுக்கப்பட்டது. சென்னைக்காரரான டெனிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் விஜய் என்ற பெயரிலேயே பொண்டின் உள்ளூர்க் கூட்டாளியாக வருகிறார். வேலை என்ன? பாம்பாட்டி வேடத்தில் மகுடி ஊதுவது, ஓட்டோ ஓட்டுவது, பகிடி விடுவது, கடைசியில் பொண்டுக்காகச் செத்துப்போவது. நம்மவர் செத்ததும் கதை அடுத்த நாட்டுக்குப் பறக்கிறது.

தமிழ்த் திரையில் கதை வேறு மாதிரி. ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ் பொண்ட் என்றோம். 'வல்லவன் ஒருவன்' 1966, 'சி.ஐ.டி. சங்கர்' 1970. எங்கள் வாப்பா காலத்து ஆட்கள் இன்றும் அந்தப் பெயர்களைச் சொன்னால் முகம் மலர்வார்கள். அவருக்குப் பிறகு அந்த வேடம் யாருக்கு என்று எவரும் கேட்கவில்லை. அங்கே நடிகர்தான் பெரியவர், வேடம் சின்னது. 2013-இல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தில் முஸ்லிம் பெயருள்ள உளவாளியாக வந்தார். நாம் என்ன செய்தோம்? தெருவில் இறங்கினோம். தமிழ்நாட்டில் இரண்டு வாரம் தடை. பிறகு சில இடங்களில் சத்தத்தை வெட்டிப் பெப்ரவரி 7-ஆம் திகதி படம் வந்தது. எல்லோரும் பார்த்தார்கள், தடை கேட்டவர்கள் உட்பட. அந்தப் படத்தில் கோபப்பட நியாயம் இருந்ததா என்பதல்ல என் கேள்வி. இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கோபத்திலிருந்து ஒரு கதை வந்ததா? ஒரு நாடகம்? மகஜர் எழுதத் தெரிந்த கைகளுக்குப் பாத்திரம் எழுத நேரமில்லை. அன்று தடை கேட்டு மகஜர், இன்று வேடம் கேட்டு மகஜர். இரண்டையும் பெற்றுக்கொள்கிற மேசை ஒன்றுதான்.

இவ்வளவு பேசுகிற நான் யார்? இதைச் சொல்லாமல் கட்டுரையை அனுப்பினால் அது பொய்.

பாடசாலைக் கலைவிழாவுக்கு வருடாவருடம் நாடகம் எழுதுகிறவன் நான்தான். எங்கள் பாடசாலையில் முஸ்லிம் பிள்ளைகள் வகுப்புக்கு ஒருவரோ இருவரோ. என் நாடகங்கள் தோட்டத்துக் கதைகள். கங்காணி வருவார், துரை வருவார், கொழுந்தெடுக்கிற அம்மா வருவார். நானா கடை முதலாளியும் வருவார். கடன் கொப்பி, தராசு, தொப்பி, சாரன். அந்த முதலாளி வந்து நிறுவையில் விரலை வைத்தால் சபை சிரிக்கும். அந்தப் பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் இருக்கிற முஸ்லிம் பிள்ளைக்கே கொடுத்தேன். ஏனென்று என்னை நான் கேட்டதில்லை. தொப்பி அவனிடம் இருந்தது, அவ்வளவுதான். எழுதியவன் முஸ்லிம், தெரிவு செய்தவன் முஸ்லிம், நடித்தவன் முஸ்லிம். ஹொலிவூட்டையும் கோடம்பாக்கத்தையும் எந்த முகத்தோடு திட்டுவது?

2019-இல் தரம் 10-இல் ஒரு பையன் இருந்தான். மூன்று வருடம் முதலாளியாக நடித்தவன். அந்த முறை எழுதிய நாடகத்தில் தோட்டத்துக் களவைக் கண்டுபிடிக்க மாறுவேடத்தில் வரும் சி.ஐ.டி. ஒருவர் உண்டு. இடைவேளையில் வந்து நின்றான். "சேர், இந்தமுறை நான் சி.ஐ.டி.யாச் செய்யட்டா? வசனம் எல்லாம் பாடம்." உண்மையாகவே பாடம் செய்திருந்தான், நடந்துகாட்டினான், சட்டைப் பையிலிருந்து துவக்கு எடுக்கிற மாதிரி விரலை நீட்டினான். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு ஏப்ரல் 21-இல் நடந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பாடசாலை வாசலில் புத்தகப் பைகளைக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம். கறுப்பு நிறத்தில் எதையும் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போக எங்கள் வீட்டுப் பெண்கள் பயந்த காலம். ஒரு முஸ்லிம் பையன் சபைக்கு முன்னால் துவக்கோடு, பொம்மைத் துவக்குத்தான், மாறுவேடத்தில் வந்து நிற்பதை நான் ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன்.

"இந்த வருசம் வேணாம்" என்றேன்.

"அப்ப முதலாளியாவே செய்யட்டா சேர்?"

அதுவும் வேண்டாம் என்றேன். அந்த வருடம் தொப்பி மேடைக்கு வரவே வேண்டாம் என்று நினைத்தேன். திரை இழுக்கிற வேலையைக் கொடுத்தேன். ஒரு குறையும் இல்லாமல் இழுத்தான். அதிபர் என்னைக் கேட்கவில்லை, தமிழ்ப் பெற்றோர் எவரும் கேட்கவில்லை, சக ஆசிரியர்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. யாரும் கேட்காமல் நானே செய்த தணிக்கை அது. அவன் சா.த. எழுதிவிட்டுக் கொழும்பில் கடையொன்றுக்கு வேலைக்குப் போனான். முதலாளி வேடம் நன்றாகப் பழக்கமாயிற்றே என்று பகிடிக்குக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே கவிஞரே, தெரிவு என்பது எங்கே நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அது ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில், பென்சிலால், பாத்திரப் பெயருக்கு நேரே பிள்ளையின் பெயரை எழுதும்போது நடக்கிறது.

வேடம் யாருடையது என்ற கேள்விக்கு மறுமொழி தெரிய வேண்டுமானால் மாசி மாதத்தில் தோட்டத்துக்கு வாருங்கள். மூன்றாம் பிறை பார்த்துக் காமன் கம்பம் நடுவார்கள். (பிறை பார்ப்பதில் நம்மளவு சண்டை அங்கே இல்லை.) மன்மதனாகவும் ரதியாகவும் வருகிறவர்கள் விரதமிருந்து வேடம் கட்டுகிற தோட்டத்துப் பையன்கள்தான். காலையில் மருந்து தெளித்தவன் இரவில் சிவனாக நின்று காமனை எரிப்பான். ரதிக்கும் ஆம்பிளைப் பிள்ளைதான். அவன் ஒப்பாரி சொல்லும்போது லயத்துப் பெண்கள் உண்மையாகவே அழுவார்கள். அடுத்த வருடம் மன்மதன் யார் என்பதில் அங்கேயும் பலத்த சண்டை வரும். தப்புச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். ஆனால் அது அவர்களுடைய சண்டை. கதை அவர்களுடையது, கம்பம் அவர்கள் நட்டது. எனது மார்க்கத்துக் கதை அல்ல அது. ஓரத்தில் நின்று பார்க்கிறவன் நான். ஆனாலும் ஒவ்வொரு மாசியிலும் பொறாமையோடுதான் வீடு திரும்புகிறேன்.

நம்மிடம் உளவுக் கதையே இல்லையா? இந்த மலையிலேயே கிடக்கிறது. ப்ரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் 1936-இல் மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தேயிலைத் தொழில் பழக வந்தார். வந்தவர் தொழிலாளர் பக்கம் சாய்ந்து, 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாருக்கு எதிராகப் பேசினார். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார், பொலிஸ் தேடிற்று, அவர் மறைந்து திரிந்தார், மே மாதம் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. துரத்தல், ஒளிப்பு, நீதிமன்றம், எல்லாம் உண்டு. இதில் பொண்டின் எசமானர்கள் துரத்துகிற பக்கத்தில் நிற்கிறார்கள்.

முஸ்லிம் பெயரில்தான் வேண்டுமென்றால் நூர் இனாயத் கான். திப்பு சுல்தானின் வழிவந்தவர் என்று அறியப்பட்ட சூஃபி இனாயத் கானின் மகள். சிறுவர்களுக்குக் கதை எழுதியவர். ஜாதகக் கதைகள் இருபதை ஆங்கிலத்தில் மறுபடி சொல்லி 1939-இல் நூலாக்கியவர். புத்த ஜாதகத்தைச் சொன்ன முஸ்லிம் பெண் என்பதை இந்த நாட்டில் வாய்விட்டுச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஜெர்மனியர் பிடியிலிருந்த பாரிஸுக்குள் 1943-இல் கம்பியில்லாத் தந்திக் கருவியோடு போனார். காட்டிக் கொடுக்கப்பட்டார். 1944 செப்டெம்பர் 13-இல் டாஹாவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். வயது 30. ஃபிளெமிங் தன் முதல் பொண்ட் நாவலை வெளியிட்டது அதற்கு ஒன்பது வருடம் கழித்து.

அவரும் வெள்ளைக்காரனுக்குத்தானே வேலை செய்தார் என்று என்னை மடக்கலாம். ஆசிரியர் அறையில் ஏற்கனவே மடக்கினார்கள். போர் முடிந்தால் இந்திய விடுதலைப் பக்கம்தான் நிற்பேன் என்று வேலைக்கான நேர்முகத்திலேயே அவர் சொன்னதாக, அவரது வரலாற்றை எழுதிய ஸ்ரபாணி பாசு பதிந்திருக்கிறார். பொண்ட் அப்படி ஒரு வசனம் பேசமாட்டான், பேசினால் அடுத்த படம் கிடைக்காது. இந்த மறுமொழி சக ஆசிரியரைத் திருப்திப்படுத்தவில்லை. இன்னும் சண்டை நடக்கிறது, நடக்கட்டும்.

நாடகத்தை எழுதி முடித்துவிட்டேன். நாற்பது நிமிடம், பத்து நிமிடம் வெட்ட வேண்டும். நூராக வரப்போவது மேற்கணக்கு லயத்துப் பிள்ளை ஒருத்தி, முஸ்லிம் அல்ல. ஜாதகக் கதை சொல்லும் காட்சியை அவள் வாசித்த மாதிரி வேறு யாரும் வாசிக்கவில்லை. தந்திக் கருவிக்குப் பழைய றேடியோப் பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. விசாரணை செய்யும் ஜெர்மன் அதிகாரியாக வர மட்டும் இரண்டு நாளாக எவரும் முன்வரவில்லை. நேற்று வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு, தரம் 9-இல் இருக்கும் நம் பையன் ஒருவன் மேசையருகில் வந்து நின்றான்.

"சேர், அதை நான் செய்யட்டா?"

"வில்லனடா அது. கெட்டவன்."

"தெரியும் சேர். தொப்பி வேற தொப்பிதானே."

பெயரை எழுதிக்கொண்டேன்.